இரண்டிலும் ஒரே பிழை

ஜூன் 3, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்ததால் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஆபீஸ் போகத் தாமதமாகிவிட்டது. தனபாலன் சார் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். தாமதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே ஏதோ பெரிய வேலை வரப்போகிறது என்று தோன்றியது.

மில்களிலும் பம்ப் ஹவுஸ்களிலும் உள்ள மெஷின்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் சின்னப் பெட்டியைத்தான் எங்கள் கம்பெனி செய்து விற்கிறது. பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு 'அரண்' என்று பெயர். பீளமேட்டில் ஒரு கார் ஷெட்டில் உட்கார்ந்து தனபாலன் சார் தன் கையாலேயே எழுதினார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது வழக்கம். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி இதே மாதிரிப் பெட்டி செய்கிறது. தங்கள் இயங்குதளத்தின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் நெட்வொர்க் பகுதியை நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்றார் சார். பிறகு, ஜெரால்டு இப்போது அங்கேதான் இருக்கிறான் என்றார்.

ஜெரால்டு தூத்துக்குடிக்காரன். ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலி. எக்கா, எக்கா என்று என் டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றை அவன்தான் சாப்பிட்டான். போன வருஷம் வேலையை விட்டுப் போனான். சாரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறான். எனக்குக் கடைசி நாளில்தான் தெரியும். எல்லோருக்கும் மக்ரூன் இனிப்பு டப்பாவை நீட்டியதுபோல எனக்கும் நீட்டினான்.

வேலை என்றால் வேலை. செய்து கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாக அதே வேலை. அந்தப் பக்கம் ஒரு கோப்பு, இந்தப் பக்கம் ஒரு கோப்பு.

தகவலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவது, வந்து சேராத துண்டைத் திரும்பக் கேட்பது, வரிசை மாறி வந்ததை அடுக்குவது. நெட்வொர்க் பகுதி என்றால் இவ்வளவுதான். இதை நூறு பேர் நூறு விதமாக எழுதலாம். இங்கே இரண்டும் ஒரே விதமாக இருக்கின்றன. மாறிகளின் பெயர்கள்கூட ஒன்று. அரணில் ஓரிடத்தில் எழுதியவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: இங்கே ஏன் ஒன்றைக் கூட்டவேண்டும் என்று புரியவில்லை, கூட்டாவிட்டால் நின்றுவிடுகிறது என்று. அதில் ஒரு சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. ஓசூர் நிரலிலும் அதே குறிப்பு, அதே சொல், அதே பிழை.

ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதினால்தானே பிழையும் கூடவே வரும்? சாரிடம் உடனே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை அறிக்கை கிடைத்தால் நல்லது என்றார்.

வரும்போது பூ மார்க்கெட்டில் இறங்கி மல்லி வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்தேன். சும்மாதான். ஓசூர்க்காரர்களுடையது வந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது. வெளிநாட்டு இயங்குதளம், ரொம்பப் பழையது. திறந்து படிக்க ஆரம்பிக்கும்போது நிறைமதியின் பள்ளியிலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். மூடிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை பார்க்கவேண்டும்.

ஜூன் 9, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று.

காலையில் அந்த வெளிநாட்டு இயங்குதளத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

சார் முழுவதையும் என் எதிரிலேயே படித்தார். தண்ணீர் வாரியத்துக்கு ஒரு பெரிய டெண்டர் போட்டிருக்கிறோம். பெட்டிக்குள் இருப்பது முழுக்க நாங்களே எழுதியது என்று உறுதிமொழி கொடுத்தால்தான் அது கிடைக்கும். அதே நிரல் இணையத்தில் ஊருக்குப் பொதுவாகக் கிடந்தால் யார் நம்புவார்கள் என்றார். ஓசூர்க்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்தது என்று நிரூபித்தால்தான் நாம் நிற்க முடியும் என்றார். நெட்வொர்க் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாக இருப்பதையும் சொன்னார். ஜெரால்டுக்கு என்று வைத்திருந்தது அது.

நிறைமதிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

கிரைண்டர் பெல்ட் அறுந்துபோயிற்று. மாவு கடையில்தான் வாங்கினேன். புளிக்கவே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜெரால்டைக் கைது செய்துவிட்டார்கள்.

எங்கள் கம்பெனி கொடுத்த புகாரில், விசாரணைக்கு என்று கோவைக்கு வரச் சொல்லி, வந்ததும் சைபர் கிரைம் ஸ்டேஷனில் உட்காரவைத்து, சாயங்காலம் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் ஜாமீன் மனுவே திங்கட்கிழமைதான் போடமுடியுமாம். ஆபீஸில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது, திரும்பக்கூடாது என்றும் இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஸ்டெல்லா போன் செய்தாள். ஜெரால்டின் மனைவி. கல்யாணத்துக்கு நான் தூத்துக்குடி போயிருக்கிறேன். அவள் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"அக்கா, அவுக உங்ககிட்ட பேசச் சொன்னாவ. அந்த புரோகிராம் கோடு ஏற்கெனவே ஓசூர்லயே இருந்துச்சாம். இவுக சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சாம். அக்கா பாத்தா அவியளுக்குப் புரிஞ்சிரும், அக்காட்ட சொல்லுன்னு சொன்னாவ."

பார்க்கிறேன் என்றேன். அறிக்கையை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் அதைக் கேட்டதுதான் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

யார் போனில் என்று நேற்றே என் கணவர் சம்பத் கேட்டார். ஆபீஸ் விஷயம் என்று சொல்லியிருந்தேன். இன்று காலைப் பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்பக்கத்தில் சின்னதாக, மென்பொருள் திருட்டு, பொறியாளர் கைது. "இது நம்ம ஜெரால்டு தானே?" என்றார். ஆமாம் என்றேன். அவன் அப்படிச் செய்கிற ஆளா என்று கேட்டார். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 25, புதன்

நேற்று ஜாமீன் கிடைத்துவிட்டதாம்.

இன்று ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பழைய வெளிநாட்டு இயங்குதளத்தைத் திறந்தேன். முழுக்கப் படித்தேன்.

மூன்றும் ஒன்றுதான். அரண், ஓசூர், இது. அந்தக் குறிப்பும் இருக்கிறது, எழுத்துப்பிழையும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும், நம்முடையதில் இல்லாத ஒரு பத்தி: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், ஒரு வருஷம், ஓர் அறிவிப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம்; எங்கள் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த வருஷத்தில் நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெரால்டு பிறந்திருப்பானா என்பதே சந்தேகம்.

இன்னும் தேடினேன். உலகத்தில் ஓடும் இயங்குதளங்களில் பாதிக்கு இந்த வாசம் இருக்கிறது. ஒருவர் எழுதினார், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவரவர் வீட்டுக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு இருப்பதைப் பார்த்து, இவன் அவன் மூக்கைத் திருடிவிட்டான் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சார் அறைக்குப் போனேன். காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியாதுங்களா கோதை? நான்தானே எடுத்தேன். அப்ப எல்லாருந்தான் எடுத்தாங்க. தப்பொண்ணுமில்லீங்க."

"மேலே இருந்த பேரு?"

"அது எதுக்குன்னு எடுத்துட்டேன். மில்லுக்காரங்க அதெல்லாம் பாத்தா, அப்ப நீ என்னத்த எழுதினேன்னு கேப்பாங்க." பிறகு, "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

இன்றைக்குத்தான் என்றேன்.

"அப்ப அறிக்கை கொடுக்கும்போது தெரியாது. அவ்வளவுதான். தெரியாம எழுதுனதுல உங்க மேல ஒண்ணுமில்லை" என்று சொல்லி, டீ வரவழைத்தார். குடித்தேன்.

ஜூலை 2, புதன்

பிரிவின் தலைமைப் பொறுப்புக்கான கடிதம் வந்தது. சம்பத்திடம் காட்டவில்லை.

ஓசூர்க் கம்பெனி ஜெரால்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அவர்கள் சின்னக் கம்பெனி, வழக்குக்குப் பயந்து இவனைக் கைகழுவிவிட்டார்கள். அவர்களுடைய நிரலும் மூடிப்போன வேறொரு கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கியதாம். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. அதிலும் தலைப்பத்தி இல்லை.

எங்கள் வக்கீல் சமரசம் பேசுகிறார். அரணிலிருந்து எடுத்ததாக ஜெரால்டு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். மூன்று வருஷத்துக்கு அவன் இந்தத் துறையில் வேலை பார்க்கக் கூடாது. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தேன். ஒத்துக்கொள்ளமாட்டான், வழக்கு நடக்கும், அங்கே யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

யாராவது.

ஜூலை 7, திங்கள்

வக்கீல் ஆபீஸ், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில். சார் என்னையும் வரச் சொன்னார். சமரசக் கடிதத்தில் கம்பெனி தரப்பில் ஒரு சாட்சி கையெழுத்து வேண்டுமாம்.

ஜெரால்டு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஆறு வருஷமும் அவன் எனக்காக எழுந்ததே இல்லை. அவன் முன்னால் என் அறிக்கை கிடந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயர்.

"நீங்களாக்கா எழுதுனது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூட அடுக்கிக்கொண்டு போனேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஜெரால்டு அறிக்கையை ஒருமுறை புரட்டினான். அந்தப் பிழை இருக்கும் பக்கத்தில் நின்றான். அவனுடைய வக்கீல் ஒரு சின்னப் பெண், அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் வேண்டாம் என்று கையசைத்தான்.

"அக்கா பாத்துருக்காவ. அவிய பாத்தா சரியாத்தான் இருக்கும்."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. எப்போதும் ஏதாவது ஒரு வரி தகராறு செய்தால், அக்கா பாத்தாச்சா, அப்ப சரி என்று விட்டுவிடுவானே, அதே மாதிரிதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அவன் பெயருக்குக் கீழே நான் போட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூலை 9, புதன்

தலைவலி.

ஜூலை 12, சனி

சம்பத்திடம் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை. அறிக்கை எழுதினேன், பிறகுதான் தெரிந்தது, சொல்ல முடியாமல் போய்விட்டது என்றேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிறகுதான் தெரிஞ்சுதுன்னா, அவன உள்ள வச்சிருந்தப்போ ஏன் அப்படி இருந்தே? அன்னிக்குப் பேப்பரைக் காட்டினப்பவே உன் மூஞ்சி சரியில்லை."

வங்கியில் கடன் மனுக்களைப் படித்துப் படித்து அவருக்கு இது வழக்கமாகிவிட்டது. அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. இதை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்லவேண்டிய ஆள் தூத்துக்குடியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். ரயில் டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

ஜூலை 20, ஞாயிறு

தூத்துக்குடி. காலையில் இறங்கியதுமே உப்புக் காற்று முகத்தில் ஒட்டிக்கொண்டது.

ஸ்டெல்லாவின் அண்ணன் துறைமுகச் சாலையில் படகு எஞ்சின் பாகங்கள் விற்கிறார். ஜெரால்டு இப்போது அங்கேதான். கடையில் ஞாயிறு பாதிநாள் வியாபாரம். சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஒருவருக்கு வாஷர் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "எப்பக்கா வந்திய?" என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

சொன்னேன். பல்கலைக்கழகம், அந்த வருஷம், தலைப்பத்தி, தனபாலன் சார் அதை அழித்தது, எல்லாம். போனில் திறந்து காட்டினேன். அவன் கை முழுக்க கிரீஸ். போனைத் தொடாமல் குனிந்து படித்தான். அந்தக் குறிப்பு வந்ததும் நிமிர்ந்தான்.

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். அப்புறம் சொன்னான்.

"ஓசூர்ல ஒரு இடத்துல மட்டும் கோளாறு வந்துச்சுக்கா. அரண்ல எப்படிச் செஞ்சோம்னு யோசிச்சுதான் அதைச் சரிபண்ணுனேன். உங்க அறிக்கையப் பாத்ததும், முன்னாடியே இருந்துச்சுன்னு சொன்ன எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒரு இடத்துல செஞ்சவன் மத்த இடத்துலயும் செஞ்சிருப்பனோன்னு. கை தானா எழுதிருக்குமோன்னு. ஸ்டெல்லாட்டயே சொல்லிட்டேன், நாந்தான் எடுத்தேன்போலன்னு." சிரிக்கப் பார்த்தான். "அவ ஒரு வாரம் எங்கூட பேசல."

நான் ஒருவனுடைய வேலையைத்தான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றான்.

கையெழுத்துக்கு முன்னால் என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவன் போய் வாசலில் நின்ற கடைப் பலகையை நகர்த்திவிட்டு வந்தான். வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அப்படிச் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

ராஜினாமா கொடுத்தேன். தனபாலன் சார் கோபப்படவில்லை. இந்தக் கம்பெனியில் எழுபது குடும்பம் சாப்பிடுகிறது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். அதுவும் உண்மைதான். அவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்குத் தெரியும். மேஜையைக் காலிசெய்யும்போது ஒரு பையன் வந்து உதவட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ஜெரால்டின் வக்கீல் பெண்ணைப் பார்த்தேன். சமரச மனு ஐகோர்ட்டில் இன்னும் விசாரணைக்கு வரவில்லை, இப்போது நான் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தால் அவன் எழுதிக் கொடுத்தது செல்லாமல் போக வழி இருக்கிறது என்றாள். என்னென்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டாள். ஜூன் ஆறாம் தேதியைச் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தத் தேதியைச் சொல்லவேண்டிய அவசியம் ஜெரால்டின் வழக்குக்கு இல்லை, இருபத்தைந்தாம் தேதி கண்டுபிடித்தேன் என்றாலே போதும் என்றாள். தெரிந்தே பொய் அறிக்கை என்று வந்தால் என் மேலேயே வழக்குப் போட முடியுமாம். யோசித்து வாருங்கள் என்றாள்.

சம்பத்திடம் ஆறாம் தேதியையும் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். எப்படி என்று கேட்டேன். "தெரியும், அவ்வளவுதான்."

ஜூலை 29, செவ்வாய்

சைபர் கிரைம் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார். மூன்று நிரல்களையும் பக்கம் பக்கமாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவருக்குப் புரியும்படி சொல்ல வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் கேள்வி சட்டென்று வந்தது.

"அப்ப இந்தப் பையன் எடுக்கல."

"இல்லீங்க. யாருமே யாருகிட்டயும் எடுக்கலீங்க. அது பொதுவுல இருந்துது."

"நீங்க ரிப்போர்ட்டு குடுக்கறப்ப இது தெரியாது?"

வக்கீல் பெண் என் கையைத் தொட்டாள்.

"தெரியுங்க. மூணு நாளைக்கு முன்னாடியே கண்ணுல பட்டுச்சு. மூடிட்டேன்."

"வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லை, நேரமில்லை, அப்படி ஏதாச்சும்?" அவரே வழி காட்டுவதுபோலத்தான் கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்தான், அன்னிக்குச் சாயங்காலமே விட்டுருச்சுங்க. அப்புறம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வீட்டுலதான் இருந்தேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த காவலர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அவரோட பகையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க."

"பின்ன?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. டெண்டர், பதவி என்று சொல்லியிருக்கலாம். அவையும் கொஞ்சம் உண்மைதான்.

"எங்கிட்ட சொல்லாமப் போயிட்டான்ங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் காவலரைப் பார்த்து, அது வேண்டாம், எழுதாதே என்றார். மற்றதையெல்லாம் எழுதி, படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் மேல் என்ன நடவடிக்கை என்பது மேலே கேட்டுச் சொல்வார்களாம். ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்றார்.

வெளியே வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சுவரோர பெஞ்சில் ஜெரால்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்ததும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

வக்கீல் பெண் நகல் வாங்க உள்ளே போனாள். நின்றுகொண்டிருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன்.